ஷாட் பிளாஸ்டிங் எந்திரத்தில் உராய்பொருள் தேர்வும் தேய்மானமும்

வார்ப்புகளிலும் ஃபோர்ஜிங்குகளிலும் ஒட்டியிருக்கும் மணல், துரு, செதில் ஆகியவற்றை உலோகக் குருணைகளை வேகமாக எறிந்து அகற்றும் முறை ஷாட் பிளாஸ்டிங். எந்திரத்தின் வீச்சுச் சக்கரம் சுழலும்போது அதன் பிளேடுகள் குருணைகளை நொடிக்குச் சுமார் 70 முதல் 80 மீட்டர் வேகத்தில் வீசுகின்றன. வேலைப்பொருளைத் தாக்கும் அதே குருணைகள் வழியில் சக்கரத்தின் உறுப்புகளான இம்பெல்லர், கன்ட்ரோல் கேஜ், பிளேடு ஆகியவற்றையும் உரசிச் செல்கின்றன. இலக்கைத் தவறவிட்டவை அறைச்சுவரின் லைனரில் மோதுகின்றன. ஆகவே இவ்வெந்திரத்தில் தேய்மானம் தவிர்க்க முடியாதது, ஆனால் அதன் அளவைக் கட்டுப்படுத்தலாம். பிளேடு விரைவில் தேய்ந்தால் அதைவிடக் கடினமான பிளேடு வாங்குவதே வழக்கமான தீர்வு. ஆனால் எந்திரத்துக்குள் சுற்றிவரும் உராய்பொருளைச் சரிசெய்வதுதான் முதலில் செய்ய வேண்டியது.

உராய்பொருள் மாறிவந்த வரலாறே இதைக் காட்டும். அமெரிக்காவின் பிலடெல்பியாவைச் சேர்ந்த பெஞ்சமின் சூ டில்மன் 1870இல் மணல் வீச்சு முறைக்குக் காப்புரிமை பெற்றார். நீராவியாலோ காற்றாலோ மணலை உந்தி கண்ணாடியையும் கல்லையும் செதுக்குவதே அவர் காட்டிய வழி. குளிர்ந்த அச்சில் விரைந்து உறையும் இரும்பைச் சிறு குண்டுகளாக்கி உராய்பொருளாகப் பயன்படுத்துவதிலும் அவரே முன்னோடி. மணல் மலிவானது, எனினும் ஒரே வீச்சில் உடைந்து தூளாகிவிடும், அந்தத் தூள் தொழிலாளியின் நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் நோயைத் தரும். பிரிட்டன் 1949ஆம் ஆண்டின் விதிகளால் வார்ப்புகளைத் தூய்மையாக்க மணலை வீசுவதைத் தடைசெய்தது. 1930களில் அமெரிக்காவின் மிஷவாகா நகரிலிருந்து காற்றழுத்தம் தேவைப்படாத வீச்சுச் சக்கரம் பரவியபோது உலோகக் குருணை இன்றியமையாததானது. தொடக்கத்தில் எங்கும் குளிர்வார்ப்பு இரும்புக் குருணையே இருந்தது. அது மிகக் கடினம், ஆனால் நொறுங்கும் தன்மையது. உடைந்த ஒவ்வொரு துண்டும் கூர்முனையோடு சக்கரத்துக்கே திரும்பிவரும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பதப்படுத்திய வார்ப்பெஃகு ஷாட் (உருண்டைக் குருணை) அதன் இடத்தைப் பிடித்தது. உடையாமல் தேய்ந்து சிறுத்துப் பலமுறை சுழலக்கூடியது என்பதே அதன் வெற்றிக்குக் காரணம். வேகமாகத் தூய்மையாக்கும் என்பது இரண்டாம்பட்சமே.

இந்த மாற்றத்தின் அடிப்படையை உராய்வியல் விளக்குகிறது. உராயும் துகளின் கடினம் உராயப்படும் பரப்பின் கடினத்தைப் போல் ஏறத்தாழ 1.2 மடங்குக்குக் கீழே இருந்தால் தேய்மானம் சடாரெனக் குறைகிறது. மேலே போனால் துகள் பரப்பைச் சீவத் தொடங்குகிறது. வழக்கமான எஃகு ஷாட்டின் கடினம் ராக்வெல் சி அளவில் 40 முதல் 50, அதாவது விக்கர்ஸில் ஏறக்குறைய 400 முதல் 500. உயர்குரோமிய வார்ப்பிரும்புப் பிளேடு 700ஐத் தாண்டும். ஷாட் மட்டும் பாய்ந்தால் பிளேடுக்குப் பெரிய ஆபத்தில்லை. வார்ப்பிலிருந்து உதிரும் குவார்ட்ஸ் மணலோ 1000க்கும் மேல். சதவீதக் கணக்கில் சிறிதளவு மணல் ஷாட்டோடு கலந்து சக்கரத்துக்குள் போனாலே பிளேட்டின் ஆயுள் பல மடங்கு சுருங்கும். ஆகவே எந்த ஷாட் வாங்குவது என்ற கேள்வியோடு, காற்றோட்டத்தால் மணலைப் பிரிக்கும் செப்பரேட்டரில் ஷாட் திரை முழு அகலத்துக்கும் சீராக விழுகிறதா என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும். செப்பரேட்டர் பிழையாக ஓடும் எந்திரத்தில் எந்தப் பிளேடும் நிலைக்காது.

அடுத்தது அளவு. உராய்பொருள் விற்பனையில் எஸ்-330, எஸ்-230 எனக் குறிக்கப்படும் ஷாட்டுகளின் பெயரளவு விட்டம் முறையே 0.85, 0.60 மில்லிமீட்டர். எடை விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுவதால், ஒரு கிலோ சிறு ஷாட்டில் பெரியதைவிட ஏறத்தாழ 2.8 மடங்கு குண்டுகள் இருக்கும். ஒவ்வொன்றின் மோதல் ஆற்றலோ அதே விகிதத்தில் குறையும். லைனரில் விழும் அடி இலேசாகும், வேலைப்பொருளின் பரப்பு விரைவில் மூடப்படும். சிறிய, மென்மையான ஷாட் மெதுவாகத் தூய்மையாக்கும், எந்திரம் கூடுதல் நேரம் ஓடும், கடைசியில் தேய்மானம் அதே அளவுதான் என்று இதற்கு ஒரு மறுப்பு உண்டு. வார்ப்பில் எரிந்து ஒட்டிய மணலை உடைக்கும் ஆற்றல் ஒரு மோதலுக்கு இல்லாதபோது இம்மறுப்பு முழுதும் சரி. அங்கே எத்தனை மோதல் விழுந்தாலும் பயனில்லை. அந்த எல்லைக்கு மேல் நிலைமை வேறு. உடைக்கப் போதுமான ஆற்றலுக்கு மேலிருப்பது தூய்மையைக் கூட்டுவதில்லை, எந்திரத்தின் உறுப்புகளுக்கே போய்ச் சேர்கிறது. எனவே வேலையை முடிக்கும் ஷாட்டுகளில் மிகச் சிறியதே சரியான தேர்வு. புதிய ஷாட்டை வாரம் ஒருமுறை மொத்தமாகக் கொட்டினால், பெரிய குண்டுகள் மிகுந்து கலவை கெடும். நாள்தோறும் குறைந்த அளவை நிரப்பினால், பெரியதும் தேய்ந்ததும் கலந்த நிலையான கலவை கிடைக்கும்.

கூர்முனைக் கிரிட்டை ஆதரிப்போர் பெயின்ட் பிடிப்புக்குத் தேவையான சொரசொரப்பைச் சுட்டுகின்றனர். அது நியாயமான தேவை. பாலம், கப்பல் தகடு போன்றவற்றில் கிரிட்டுக்கு மாற்றில்லை. வார்ப்பாலைக்கு அத்தேவை பெரும்பாலும் கிடையாது. மிகக் கடினமான கிரிட்டின் கடினம் ராக்வெல்லில் 60ஐக் கடக்கும், அதாவது பிளேட்டின் கடினத்தோடு சமமாகும். உருண்டைத் துகள் உழுது செல்லும் இடத்தில் கிரிட்டின் முனை வெட்டும். கிரிட்டை வாடிக்கையாக நிரப்புவது உதிரிபாகச் செலவைத் தானே தேடிக்கொள்வதாகும். கிரிட் மலிவு என்ற வாதத்தில் உராய்பொருளின் விலை மட்டும் கணக்கில் வருகிறது. பிளேடு, லைனர், நின்றுபோகும் வேலைநேரம் ஆகியவை வருவதில்லை.

வழக்கமான எஃகு ஷாட் பொருந்தாத இடமும் உண்டு: அலுமினிய வார்ப்புகளில் இரும்புத்துகள் படிந்து துருப்பிடிக்காதபடி துருவேறா எஃகு அல்லது அலுமினியக் குருணை பயன்படுகிறது. கோவை வார்ப்பாலைகள் உட்பட இந்தியாவின் பெரும்பாலான வார்ப்பாலைகள் இன்று எஃகு ஷாட்டையே பயன்படுத்துகின்றன. உயர்கரிம ஷாட்டோடு மாங்கனீசு சேர்ந்த குறைகரிம ஷாட்டும் சந்தையில் கிடைக்கிறது.