மாலகண்ட் முதல் ஓம்துர்மான் வரை: இளம் அதிகாரி சர்ச்சில்

பிரிட்டிஷ் பிரதமராக உலகம் அறிந்த வின்ஸ்டன் சர்ச்சில் (1874–1965), தம் இருபதுகளில் காலனியப் போர்களைத் தேடித் தேடிப் போன குதிரைப்படை அதிகாரி. 1895இல் நான்காம் ஹுஸ்ஸார் படைப்பிரிவில் சேர்ந்து மறு ஆண்டு பெங்களூரு வந்தார். அங்கே போலோவும் புத்தகங்களுமாகப் பொழுது போயிற்று. போர்முனையில் பெயர் வாங்கினால் நாடாளுமன்றத்துக்கு வழி பிறக்கும் என்ற கணக்கை அவர் ஒளித்ததே இல்லை.

வாய்ப்பு 1897 ஜூலையில் வந்தது. 1893இல் பஷ்தூன் நிலத்தின் குறுக்கே, பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் இடையே டூரண்ட் எல்லைக்கோடு வகுக்கப்பட்டதாலும், பிரிட்டிஷ் காவல் முகாம்கள் உள்ளே நகர்ந்ததாலும் கொதித்திருந்த பழங்குடியினர் மாலகண்ட் முகாமைத் தாக்கினர். அவர்களைத் திரட்டிய சைதுல்லாவைப் ‘பைத்தியக்கார முல்லா’ என்றே ஆங்கிலேயர் அழைத்தனர். பைத்தியம் என்று சொல்லிவிட்டால் காரணம் கேட்கத் தேவையில்லையே!

தளபதி பிண்டன் பிளட்டின் படையோடு, ‘டெய்லி டெலிகிராஃப்’ நாளேட்டுக்குப் பத்திக்கு 5 பவுண்டு ஊதியத்தில் எழுதுபவராகச் சர்ச்சில் சென்றார். செப்டம்பர் 16 அன்று மாமுண்ட் பள்ளத்தாக்கில் படைக்குப் பலத்த அடி. அதற்குப் பழிவாங்க ஊர் ஊராக அழிவு நடந்தது: வீடுகளை இடித்தனர், கிணறுகளைத் தூர்த்தனர், காவல் கோபுரங்களை வெடிவைத்துத் தகர்த்தனர், நிழல் மரங்களை வெட்டினர், விளைச்சலைக் கொளுத்தினர். இதைப் பிற்காலத் தன்வரலாற்றில் அவரே, வேலைப் பட்டியலை ஒப்பிப்பதுபோல் விவரிக்கிறார். நண்பருக்கு எழுதிய கடிதத்தில் மட்டும் தம் தரப்பின் கொடூரத்தை ஒப்புக்கொண்டார். 1898இல் வந்த மாலகண்ட் நூலிலோ போர் என்பது நாகரிகத்துக்கும் காட்டுமிராண்டித்தனத்துக்கும் இடையிலான மோதல். உடலுக்குள் விரிந்து சிதைக்கும் டம்டம் தோட்டாவின் ஆற்றலையும் அதில் வியந்திருக்கிறார்.

அடுத்தது சூடான். அங்கே போரிட்ட ஆங்கிலோ–எகிப்தியப் படையின் தலைவர் கிட்சனர் அவரைச் சேர்க்க விரும்பவில்லை. செல்வாக்குள்ளவர்களைப் பிடித்துத்தான் 21ஆம் லான்ஸர் படையில் இடம் வாங்கினார். 1898 செப்டம்பர் 2, ஓம்துர்மான். மாக்சிம் துப்பாக்கிகளும் பீரங்கிப் படகுகளும் மஹ்தி என்ற சமயத் தலைவரின் வாரிசாகச் சூடானை ஆண்ட கலீஃபா அப்துல்லாஹியின் படையை எட்ட வைத்தே சாய்த்தன. சூடானியர் தரப்பில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். ஆங்கிலோ–எகிப்தியப் படையில் 48 பேர். லான்ஸர்களின் குதிரைப் பாய்ச்சல் சில நிமிடங்களே நீடித்தது. அதிலேயே 21 பேர் இறந்தனர். தோள்மூட்டு முன்பே விலகியிருந்ததால், சர்ச்சில் வாளை விட்டு மௌசர் கைத்துப்பாக்கியால் சுட்டார்.

அவரை வெறும் வெறுப்பாளர் என்று ஒதுக்கிவிட முடியாது. ‘நதிப் போர்’ (1899) நூலில் சூடானியரின் துணிவை மனமாரப் புகழ்ந்தார். காயம்பட்டவர்களைக் கிட்சனரின் படை கொன்றதையும் மஹ்தியின் கல்லறையைச் சிதைத்ததையும் கண்டித்தார். ஆனால் அந்த வீரர்களுக்குத் தங்களைத் தாங்களே ஆளும் உரிமை உண்டு என்ற இடத்துக்கு அவர் வந்து சேரவில்லை. இன ஏணியின் படிகளை அவர் ஐயுறவே இல்லை. 1937இல் பாலஸ்தீனம் குறித்த பீல் ஆணையத்தின் முன், அமெரிக்கச் செவ்விந்தியருக்கும் ஆஸ்திரேலியக் கறுப்பின மக்களுக்கும் அநீதி இழைக்கப்பட்டதாகத் தாம் ஏற்கவில்லை என்றே சாட்சியம் அளித்தார்.

கிட்சனர் மீதான கண்டனமும் நிலைக்கவில்லை. 1900இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1902இல் வந்த ‘நதிப் போர்’ சுருக்கப் பதிப்பில் அந்தக் கண்டனப் பகுதிகளில் பெரும்பாலானவை நீக்கப்பட்டிருந்தன.