குதிரையில் வந்த மருத்துவச்சி



நம் குடியிருப்பில் அறுபதைத் தாண்டியவர்கள் பலர் என்னைப் போல வீட்டிலேயே பிறந்தவர்களாக இருப்பீர்கள். ஊர் மருத்துவச்சி வந்து பிரசவம் பார்த்திருப்பார். அவர் அந்த வேலையை யாரிடம் கற்றார் என்று நாம் கேட்டதில்லை. அதே கேள்வியோடு அலைந்த ஓர் அமெரிக்கப் பெண்மணியைப் பற்றி இந்த முறை எழுதுகிறேன்.

மேரி பிரெக்கின்ரிட்ஜ் 1881-ல் செல்வாக்கான குடும்பத்தில் பிறந்தவர். இளம் வயதிலேயே கணவரை இழந்து, பிறகு நியூயார்க்கில் நர்ஸ் பயிற்சி முடித்தார். மறுமணத்தில் பிறந்த பெண் குழந்தை சில மணி நேரமே உயிரோடு இருந்தது. மகனும் நான்கு வயதில் இறந்துவிட்டான். அதன்பின் மற்றவர்களின் பிள்ளைகளைக் காப்பதே தன் வேலை என்று முடிவு செய்தார். முதல் உலகப் போர் முடிந்ததும் நிவாரணப் பணிக்காக பிரான்ஸ் போனார். அங்கே முறையாகப் படித்த மருத்துவச்சிகளைப் பார்த்தார்.

ஊர் திரும்பி, 1923-ல் கென்டக்கி மலைப்பகுதியில் குதிரையில் சுற்றி 53 நாட்டு மருத்துவச்சிகளைச் சந்தித்தார். பெரும்பாலும் வயதானவர்கள். அனுபவம் உண்டு, படிப்பு இல்லை. சிக்கலான பிரசவம் என்றால் அழைக்க டாக்டரும் பக்கத்தில் இல்லை.

நர்ஸ்தானே, இவரே கற்றுக்கொண்டு பார்க்கலாமே என்பீர்கள். நர்ஸ்களை மருத்துவச்சியாக்கும் பள்ளி அவர் நாட்டில் அப்போது இல்லை! இங்கிலாந்திலோ 1902-லேயே சட்டம் வந்து, பயிற்சி, தேர்வு, பதிவு எல்லாம் நடைமுறையில் இருந்தன. ஆகவே நாற்பது வயதுக்கு மேல் கப்பலேறி, லண்டனில் உல்விச் பகுதியிலிருந்த பிரசவ மருத்துவமனையில் மாணவியாகச் சேர்ந்து, தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கினார். நாற்பதுக்கு மேல் வங்கியில் பதவி உயர்வுத் தேர்வுக்குப் படித்தவன் நான். அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும்.

1925-ல் கென்டக்கியின் லெஸ்லி கவுண்டியில் சேவையைத் தொடங்கினார். கார் போகச் சாலை கிடையாது. நர்ஸ்கள் சேணத்தில் மருந்துப் பைகளை மாட்டிக்கொண்டு, மழையானாலும் பனியானாலும் ஆற்றைக் கடந்து கர்ப்பிணிகளின் வீடுகளுக்குப் போனார்கள். வலி எடுத்த பிறகு போவதல்ல; கர்ப்ப காலம் முழுவதும் போய்ப் பார்ப்பார்கள். கட்டணம் ஐந்து டாலர். அதையும் விறகாக, குதிரைத் தீவனமாக, உடலுழைப்பாகக் கொடுக்கலாம். (எந்த லெட்ஜரில் எப்படி வரவு வைத்தார்களோ!) சிக்கலான பிரசவங்களுக்காக 1928-ல் ஹைடன் என்ற ஊரில் சிறு மருத்துவமனையும் திறந்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது கணக்குதான். முதல் ஆயிரம் பிரசவங்களின் பதிவேட்டை மெட்ரோபாலிட்டன் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் அலசியது. கர்ப்பத்தாலோ பிரசவத்தாலோ நேரடியாக இறந்த தாய் ஒருவர்கூட இல்லை. இதய நோயாலும் சிறுநீரக நோயாலும் இருவர் இறந்திருந்தார்கள். அதே காலத்தில் அமெரிக்கா முழுவதும் பார்த்தால், ஆயிரம் பிரசவங்களுக்கு ஆறேழு தாய்மார்கள் இறந்துகொண்டிருந்தார்கள். ஆயுள் காப்பீட்டுக்காரர்கள் மரணக் கணக்கில் தயவு காட்டுகிறவர்கள் அல்ல என்பது உங்களுக்குத் தெரியும்.

1939-ல் போர் மூண்டது. அவரிடம் பணிபுரிந்த பிரிட்டிஷ் நர்ஸ்கள் பலர் தாய்நாடு திரும்பினார்கள். மற்றவர்களை லண்டனுக்கு அனுப்பிப் படிக்க வைக்கவும் வழியில்லை. எனவே அந்த ஆண்டே மலையிலேயே தன் பள்ளியைத் தொடங்கினார். முதல் வகுப்பில் இரண்டே மாணவிகள். அந்தப் பள்ளி இன்று பல்கலைக்கழகமாக நடக்கிறது.

உங்கள் வீட்டில் பிரசவம் பார்த்த மருத்துவச்சியைப் பற்றிப் பெரியவர்கள் சொன்னது ஏதாவது நினைவிருந்தால், அடுத்த இதழுக்கு எழுதி அனுப்புங்கள்.