மடக்கி உழுத பயிரும் சோதித்தறிந்த மண்ணும்

சந்தையில் கத்தரியும் முட்டைக்கோசும் வாங்கும்போது, அவை விளைந்த மண்ணைப் பற்றி நாம் எண்ணுவது அரிது. ஆயினும் செடியின் நலம் மண்ணின் நலத்திலிருந்தே பிறக்கிறது. அந்த மண்ணைப் பேணுவதற்கு இரு வழிகள் உண்டு. ஒன்று, நிலத்தில் ஒரு பயிரை வளர்த்து அதனையே நிலத்துக்கு உணவாக்குதல். மற்றொன்று, மண்ணைச் சோதித்து அதன் குறையை அறிதல். முன்னது மிகப் பழையது. பின்னது அண்மைக் காலத்தது. இவ்விரண்டும் நம் நாட்டில் ஒன்றையொன்று நாடி வந்த வரலாற்றை இங்கே காண்போம்.

கி.பி. 6ஆம் நூற்றாண்டினரான வராகமிகிரர், மரம் நடுவோருக்குத் தமது பிருகத் சம்ஹிதையில் ஒரு முறையைக் கூறினார். முதலில் நிலத்தில் எள்ளை விதைத்து, அது பூக்கும் பருவத்தில் அங்கேயே மிதித்துவிட வேண்டும் என்பது அம்முறை. தழை மண்ணுக்கு உணவாகும் என்பதை அக்காலத்தவர் அனுபவத்தால் உணர்ந்திருந்தனர். அதன் காரணத்தை அறியப் பல நூற்றாண்டுகள் ஆயின.

1886 முதல் 1888 வரையிலான ஆண்டுகளில் ஜெர்மனியைச் சேர்ந்த ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்னும் இருவர், பயறு வகைச் செடிகளின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைச் செடிக்குத் தேடித் தருகின்றன என்று நிறுவினர். அடுத்த ஆண்டே, 1889இல், இந்திய வேளாண்மையை ஆராய வோல்க்கர் என்னும் ஆங்கிலேய ரசாயன அறிஞர் இங்கு வந்தார். விறகுப் பஞ்சத்தால் சாணம் அடுப்பில் எரிக்கப்படுவதைக் கண்டு, 1893இல் வெளியான தம் அறிக்கையில் அதனை விரிவாக எடுத்துரைத்தார். எருவாக வேண்டியது எரிபொருளாகிப் போன நாட்டில், சணப்பையும் தக்கைப்பூண்டையும் விதைத்து மடக்கி உழுவது பெரும் நம்பிக்கையாகத் தோன்றியதில் வியப்பில்லை.

ஆனால் அந்நம்பிக்கை எளிதில் நிறைவேறவில்லை. பல பண்ணைகளில் செய்த சோதனைகளில் பெரும்பாலானவை எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்று, இந்நாட்டில் நெடுங்காலம் ஆராய்ச்சி செய்த ஆல்பர்ட் ஹோவார்டு 1940இல் எழுதினார். சணப்பும் வளர நீரைக் குடிக்கிறது. மடக்கிய பின் மழை பொய்த்தால் தழை மட்குவதில்லை. நீர் தேங்கிக் காற்றோட்டம் தடைப்பட்டாலும் அது சரியாக மட்குவதில்லை. பண்ணைக்கு அது தோல்வியுற்ற ஒரு சோதனை; சிறு குடியானவனுக்கோ ஒரு போகமே இழப்பு.

இதற்கு விடை கண்ட இடங்களுள் ஒன்று, அந்நாளைய ஐக்கிய மாகாணத்து ஷாஜகான்பூர் கரும்புப் பண்ணை. அங்கே ஜார்ஜ் கிளார்க்கும் அவரது துணைவரும் மழைக்காலத்தில் சணப்பை மடக்கி உழுதபின், பெய்யும் மழையை அளந்துவந்தனர். செப்டம்பர் முதற்பாதியில் 5 அங்குலத்துக்குக் குறைந்தால் நிலத்துக்கு நீர் பாய்ச்சினர். பிற பண்ணைகளில் பயனற்றதாகத் தோன்றிய அதே சணப்பு அங்கே பலன் தந்தது. அளவறிந்து செய்ததே அதன் காரணம்.

அளவறியும் கலை சிற்றூர் வரை செல்ல மேலும் காலம் பிடித்தது. 1955-56இல் அமெரிக்க ஒத்துழைப்புடன் மண் சோதனைக் கூடங்கள் நிறுவப்பட்டன. மண்ணிலிருந்து செடிக்குக் கிட்டும் தழைச்சத்தை விரைவில் கணிக்கும் ஒரு முறையை 1956இல் சுப்பையாவும் அசிஜாவும் வெளியிட்டனர். 2015இல் ராஜஸ்தானத்துச் சூரத்கரில் மண்வள அட்டைத் திட்டம் தொடங்கிற்று; 12 இயல்புகளை அளந்து கூறுவது அவ்வட்டை.

காய்கறி பயிரிடுவோர் இவ்வரலாற்றிலிருந்து பெறுவது யாது? மண்ணின் அங்ககக் கரிமம் நூற்றுக்கு 0.5க்குக் குறைந்தால் அந்நிலம் வளம் குன்றியது என்பது நம் நாட்டுக் கணக்கு. அதனை உயர்த்தச் சணப்பும் காராமணியும் உதவும். மண்ணை மூடி நின்று மழை அரிப்பையும் களையையும் தடுக்கும். ஆனால் மணிச்சத்தோ துத்தநாகமோ மண்ணிலேயே இல்லையெனில் அவை அதனைப் படைத்துத் தருவதில்லை. மணிச்சத்துக் குறைந்த மண்ணில் வேர்முடிச்சுகளே நன்கு உருவாவதில்லை. ஆதலின் சோதனை முன்னும் விதைப்புப் பின்னும் வருதல் முறையாகும். அளவறியாது தழைச்சத்தைக் கொட்டினால் செடி மென்மையாகக் கொழுத்து, சாறுறிஞ்சும் பூச்சிகளுக்கு இரையாவதையும் நாம் காண்கிறோம்.

வரப்பு, எருக்குழி, மரநிழல் ஆகியவற்றைத் தவிர்த்து, நிலத்தில் பல இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழம் வரை மண்ணெடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ அனுப்பினால் சோதனைக்குப் போதும். பின்னர் மழையோடு சணப்பை விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுது, அது மட்கிய பின் காலிபிளவரோ தக்காளியோ நடலாம்.

காய்கறி விற்று நாளும் வாழ்வோரிடம் நிலம் முழுவதையும் ஒரு பருவம் விட்டுவிடுமாறு கூறுவது நியாயமன்று. ஆண்டுக்கொரு பகுதியாக முறை வைத்துச் செய்தால் வருவாய் அறவே நிற்காது. சில ஆண்டுகளில் நிலம் முழுவதும் பயன்பெறும். முன்னோர் தழையை நம்பினர். அறிஞர் அளவை நம்பினர். இரண்டையும் சேர்த்துக் கையாளும் வாய்ப்பு இன்று நமக்குக் கிட்டியுள்ளது. மண்வள அட்டையைப் பெட்டியில் வைத்துப் பூட்டாமல், அதனைப் படித்து விதைக்கத் தொடங்குவோமாக.