ஜி7 உச்சி மாநாடு

அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான், கனடா ஆகிய ஏழு செல்வ நாடுகளின் தலைவர்கள் ஆண்டுதோறும் கூடிப் பேசும் அமைப்பு ஜி7. ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைவர்களும் பங்கேற்கிறார்கள். ஆனால் ஏழு என்ற கணக்கில் அவர்கள் சேர்வதில்லை. இந்த அமைப்புக்குச் சாசனம் இல்லை, தலைமையகம் இல்லை, நிரந்தரச் செயலகமும் இல்லை. இங்கே எட்டப்படும் முடிவு எந்த நாட்டையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. தலைமைப் பொறுப்பு ஆண்டுக்கு ஒரு நாடாகச் சுற்றி வரும். அந்த ஆண்டின் மாநாட்டை நடத்துவதும் செலவு செய்வதும் அந்த நாட்டின் பொறுப்பு.

தோற்றம்

1971 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் நிக்சன், டாலருக்கு ஈடாகத் தங்கம் தரும் ஏற்பாட்டை நிறுத்தினார். இரண்டாம் உலகப்போருக்குப் பின் உருவான நிலையான நாணய மாற்று முறை அதோடு ஆட்டம் கண்டது. 1973 மார்ச்சில் அமெரிக்க நிதியமைச்சர் ஜார்ஜ் ஷுல்ட்ஸ், மேற்கு ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன் நிதியமைச்சர்களை வெள்ளை மாளிகையின் நூலக அறையில் சந்தித்தார். பத்திரிகையாளர் இல்லை, அறிக்கையும் இல்லை. 'நூலகக் குழு' என்று பெயர்பெற்ற இந்த வட்டத்தில் ஜப்பானும் பின்னர் சேர்ந்தது. அதே ஆண்டின் இறுதியில் வெடித்த எண்ணெய் நெருக்கடி, கச்சா எண்ணெய் விலையை ஏறத்தாழ நான்கு மடங்காக்கியது.

அந்த நூலக அறையில் அமர்ந்திருந்த பிரெஞ்சு அமைச்சர் வலேரி ஜிஸ்கார் தெஸ்தான் 1974இல் அதிபரானார். ஜெர்மன் அமைச்சர் ஹெல்முட் ஷ்மிட் அதே ஆண்டு சான்சலரானார். ஜி7 பிறந்ததற்கு இந்தத் தற்செயல் ஒரு முக்கியக் காரணம். அமைச்சர்களாக இருந்தபோது பழகிய மனம்விட்ட பேச்சை அவர்கள் அரசுத் தலைவர்கள் மட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். 1975 நவம்பர் 15 முதல் 17 வரை பாரிசுக்கு அருகிலுள்ள ரம்பூயே கோட்டையில் முதல் மாநாடு நடந்தது. அமெரிக்காவின் ஃபோர்டு, பிரிட்டனின் வில்சன், ஜப்பானின் மிக்கி, இத்தாலியின் மோரோ ஆகியோரும் சேர மொத்தம் ஆறு தலைவர்கள். அடுத்த ஆண்டு போர்ட்டோ ரிக்கோவில் கனடா சேர்ந்ததும் எண்ணிக்கை ஏழானது.

ரம்பூயேயின் பெரிய சிக்கல் நாணய மாற்று விகிதம். நிலையான விகிதத்துக்குத் திரும்ப வேண்டும் என்றது பிரான்ஸ்; சந்தை தீர்மானிக்கட்டும் என்றது அமெரிக்கா. இரு தரப்பு அதிகாரிகளும் முன்கூட்டியே பேசி ஓர் இணக்கத்துக்கு வந்திருந்தார்கள். தலைவர்கள் அதை ஏற்றார்கள். இரண்டே மாதத்தில், 1976 ஜனவரியில், ஜமைக்காவில் கூடிய சர்வதேச நாணய நிதியக் குழு அதன் அடிப்படையில் முடிவெடுத்தது. மிதக்கும் நாணயங்களுக்கு நிதியத்தின் விதிகளிலேயே இடம் கிடைத்தது. ஆறு பேர் ஒரு கோட்டையில் பேசியது, அங்கே இல்லாத நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கும் விதியாயிற்று.

செயல்படும் விதம்

ஒவ்வொரு தலைவருக்கும் 'ஷெர்ப்பா' என்று அழைக்கப்படும் தனிப் பிரதிநிதி உண்டு. மாநாட்டுக்குப் பல மாதங்கள் முன்பே ஷெர்ப்பாக்கள் கூட்டறிக்கையின் வரைவை எழுதத் தொடங்கிவிடுவார்கள். உடன்பாடு எட்டாத சொற்கள் சதுர அடைப்புக்குள் நிற்கும். பேசிப் பேசி அடைப்புகளை ஒவ்வொன்றாக நீக்குவதுதான் வேலை. கடைசி இரவு வரை சில அடைப்புகள் தாக்குப்பிடிப்பதும் உண்டு. 2018இல் கனடாவின் ஷார்லெவ்வாவில் எல்லா அடைப்புகளும் நீங்கி அறிக்கை வெளியான பிறகு, விமானத்தில் சிங்கப்பூர் சென்றுகொண்டிருந்த அமெரிக்க அதிபர் டொனால்ட் டிரம்ப் ட்விட்டர் பதிவு ஒன்றின் மூலம் தன் ஒப்புதலை விலக்கிக்கொண்டார்.

சட்டபலம் இல்லாத ஓர் அறிக்கைக்கு எடை எங்கிருந்து வருகிறது? சர்வதேச நாணய நிதியத்தின் வாக்குகளில் இந்த ஏழு நாடுகளிடம் மட்டும் 40 சதவீதத்துக்கும் மேல் இருக்கிறது. இவர்கள் ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டுவிட்டால், அதை நிறைவேற்றச் செயலகமும் பணமும் உள்ள நிறுவனங்கள் வேறு இடத்தில் காத்திருக்கின்றன. அப்படி ஒரு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்ட முடிவுகள் பெரும்பாலும் நடந்தேறியிருக்கின்றன. தலைவர்களின் வாக்குறுதியாக மட்டும் நின்றவை பெரும்பாலும் தேய்ந்துபோயின.

இதை 2005ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கிளெனீகிள்ஸ் மாநாட்டைப் போல வேறெதுவும் தெளிவாகக் காட்டாது. ஏழை நாடுகளின் கடனை ரத்து செய்யக் கோரிய மக்கள் இயக்கம் 1998இல் பர்மிங்ஹாம் மாநாட்டைச் சுற்றிப் பல்லாயிரம் பேரின் மனிதச் சங்கிலியை அமைத்திருந்தது. அந்த அழுத்தத்தின் பலன் கிளெனீகிள்ஸில் கிடைத்தது. மிக ஏழையான, கடனில் மூழ்கிய நாடுகள் நாணய நிதியம், உலக வங்கி, ஆப்பிரிக்க வளர்ச்சி நிதியம் ஆகியவற்றுக்குத் தரவேண்டிய கடன்களை முழுமையாக ரத்து செய்யத் தலைவர்கள் ஒப்புக்கொண்டார்கள். 2006 ஜனவரியிலேயே நாணய நிதியம் கணக்கை அழிக்கத் தொடங்கியது. அதே மாநாட்டில், ஆப்பிரிக்காவுக்கான உதவியை 2010க்குள் ஆண்டுக்கு 2,500 கோடி டாலர் கூட்டுவதாகவும் சொன்னார்கள். இது ஒவ்வொரு நாட்டின் பட்ஜெட்டிலும் தனித்தனியாக ஒதுக்கப்பட வேண்டிய பணம். 2010 வந்தபோது அதில் பாதிகூடத் தேறவில்லை. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் அந்தப் பணத்தை நம்பித் திட்டமிட்ட அரசுகளுக்கு இது வெறும் புள்ளிவிவரம் அல்ல.

கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதைத் தடுக்க 1989 பாரிஸ் மாநாடு தொடங்கிய நிதி நடவடிக்கைப் பணிக்குழு இன்னொரு சான்று. ஏழு நாடுகள் உருவாக்கிய அந்தக் குழு, தடுப்பு முறைகளில் குறையுள்ள நாடுகளைச் சேர்க்கும் 'சாம்பல் பட்டியல்' இன்று உலகெங்கும் வங்கிகளை நடுங்கவைக்கிறது. இலங்கை 2017 முதல் 2019 வரை அதில் இருந்தது. 2004 சுனாமிக்குப் பின், பாதிக்கப்பட்ட நாடுகளின் கடன் தவணைகளைத் தற்காலிகமாக நிறுத்த 2005 ஜனவரியில் ஜி7 முன்வந்ததும், கடன் கொடுத்த நாடுகளின் பாரிஸ் மன்றம் வழியாக இலங்கையும் இந்தோனேசியாவும் அந்தச் சலுகையைப் பெற்றதும் இதே வரிசையில் வருவன.

ரஷ்யாவும் ஜி20யும்

1991இல் லண்டன் மாநாட்டுக்கு சோவியத் அதிபர் கோர்பசேவ் விருந்தினராக வந்தார். 1998இல் ரஷ்யா முழு உறுப்பினராகி அமைப்பு ஜி8 ஆனது. உக்ரைனின் கிரிமியாவை ரஷ்யா இணைத்துக்கொண்டதும், 2014இல் சோச்சியில் நடக்கவிருந்த மாநாடு கைவிடப்பட்டது; மற்ற ஏழு பேரும் பிரசல்ஸில் கூடினர். ரஷ்யா திரும்பவேயில்லை.

உலகப் பொருளாதாரத்தில் ஏழு நாடுகளின் பங்கு 1980களின் பிற்பகுதியில் மூன்றில் இரண்டு பங்கு வரை இருந்தது. இன்று அது பாதிக்கும் கீழ். உலக மக்கள்தொகையிலோ இவர்கள் பத்தில் ஒரு பங்குதான். 2008 நிதி நெருக்கடியை ஏழு பேரால் மட்டும் சமாளிக்க முடியாது என்பது தெரிந்ததும், இந்தியா, சீனா, பிரேசில் உள்ளிட்ட ஜி20 தலைவர்கள் வாஷிங்டனில் கூடினார்கள். மறு ஆண்டு பிட்ஸ்பர்க்கில், பொருளாதார ஒத்துழைப்புக்கான முதன்மை மன்றம் ஜி20தான் என்று அறிவிக்கப்பட்டது. அதன் பிறகு ஜி7 பாதுகாப்பு, தடைகள், உக்ரைன் போர் ஆகியவற்றின் பக்கம் சாய்ந்தது. முடக்கப்பட்ட ரஷ்யச் சொத்துகளின் வருமானத்தைக் கொண்டு உக்ரைனுக்கு 5,000 கோடி டாலர் கடன் தர 2024 இத்தாலி மாநாட்டில் முடிவானது.

வாக்குறுதியாக மட்டும் நிற்பவை தேய்ந்துபோகும் கதையும் தொடர்ந்தது. பயனற்ற புதைபடிவ எரிபொருள் மானியங்களை 2025க்குள் ஒழிப்பதாக ஜப்பானின் இசே-ஷிமாவில் 2016இல் அளித்த உறுதி, எந்த நிறுவனத்திடமும் ஒப்படைக்கப்படாதவற்றில் ஒன்று. கெடு ஆண்டான 2025இல் கனடாவின் கனனாஸ்கிஸில் கூடியபோதும் உறுப்பு நாடுகளில் அந்த மானியங்கள் தொடர்ந்துகொண்டிருந்தன. அங்கே முழுமையான கூட்டறிக்கையும் வெளியாகவில்லை. தனித்தனித் தலைப்புகளில் சிறு அறிக்கைகளே வந்தன.