வீட்டின் பின்னே ஒரு புன்செய்

வீடு வாங்கப் புறப்படுகிறவர்கள் தெருவின் அகலத்தையும், வாசல் பார்க்கும் திசையையும், பத்திரத்தில் வில்லங்கம் உண்டா இல்லையா என்பதையும் பல நாள் துருவித் துருவி ஆராய்ந்துவிட்டு, வீட்டின் பின்புறத்தை மட்டும் போகிற போக்கில் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். சென்ற ஆண்டு என் தங்கை குடும்பத்துக்காகத் தாம்பரத்திலிருந்து படப்பைக்குப் போகும் சாலையருகே ஒரு வீட்டைப் பார்க்கப் போயிருந்தோம். மனை ஒரு கிரவுண்டு, அதாவது 2400 சதுர அடி. முன்பாதியில் கிழக்குப் பார்த்த பழைய ஓட்டு வீடு. பின்பாதி முழுவதும் மண்ணும் மரமும். “பின்னாலே இடம் சும்மாத்தான் கெடக்குது சார், இன்னும் ரெண்டு போர்ஷன் தாராளமாப் போடலாம்” என்றார் தரகர். கதவோரம் நின்றிருந்த வீட்டுக்கார அம்மாள், “சும்மா கெடக்கல தம்பி, அது கொல்லை” என்றார். உடனே எங்கள் மாப்பிள்ளை, “கொல்லையா? என்னம்மா பயிர் வெச்சிருக்கீங்க?” என்று கேட்டார்.

அம்மாள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் பிறந்தவர். மாப்பிள்ளையோ திருவண்ணாமலைப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளை. தஞ்சாவூரில் கொல்லை என்றால் வீட்டின் பின்புறம். ஆர்க்காட்டுச் சீமையில் கொல்லை என்றால் மானாவாரி நிலம், கேழ்வரகும் மல்லாட்டையும் விளையும் புன்செய். ‘கொல்லைக்குப் போய் வருகிறேன்’ என்று ஒருவர் சொன்னால், அது ஒரு ஜில்லாவில் மலஜலம் கழிக்கப் போவதையும், மற்றொரு ஜில்லாவில் களை பறிக்கப் போவதையும் குறிக்கும். ஒரே சொல்லுக்கு இத்தனை தூரத்தில் இரண்டு அர்த்தங்கள் எப்படி அமைந்தன என்று அன்று முதல் யோசித்து வருகிறேன்.

மாப்பிள்ளை கொண்ட பொருளே முந்தையது. சங்கச் செய்யுட்களில் கொல்லை என்பது முல்லைத் திணைக்குரிய மேட்டு நிலம். காட்டைத் திருத்தி வரகும் தினையும் விதைத்து, ஆயர்கள் ஆனிரைகளோடு வாழும் இடம். சென்னைச் சர்வகலாசாலை 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனும் புன்செய் நிலம், முல்லை நிலம், வீட்டின் பின்புறம் என்னும் அர்த்தங்களை இச்சொல்லுக்குத் தருகிறது. வீட்டின் பின்புறத்தையே கொல்லை என்றறிந்த தஞ்சாவூர்க்காரரும், பறவை விரட்டக் கந்தல் சட்டை மாட்டி நிறுத்திய உருவத்தைச் சோளக்கொல்லைப் பொம்மை என்றுதான் சொல்கிறார். அந்தத் தொடரில் பழைய பொருள் அவரை அறியாமலே உயிர் வாழ்கிறது.

காட்டு நிலத்தின் பெயர் வீட்டுக்குள் வந்தது எவ்வாறு? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். காவிரிப் பாசனப் பிரதேசத்தில் கண்ணுக்கெட்டிய மட்டும் நன்செய். வாய்க்கால் நீர் ஏறிப் பாயாத மேடாக அங்கே மிஞ்சுவது பெரும்பாலும் குடியிருப்பு அமைந்த திட்டுத்தான். வீட்டை அந்தத் திட்டில் கட்டிக்கொண்ட பிறகு, அதன் பின்னே எஞ்சிய மண்ணில் கிணற்று நீரையோ கழுநீரையோ கையால் வார்த்துத்தான் எதையும் விளைவிக்க முடியும். ஆகவே அவ்வூராருக்குத் தெரிந்த ஒரே புன்செய் வீட்டுக்குப் பின்னாலிருந்த அந்தத் துண்டு நிலமே ஆயிற்று. சொல்லும் அங்கே குடிபுகுந்தது. ஆர்க்காட்டிலோ ஊரைச் சுற்றிலும் புன்செய்யே பரந்து கிடந்தமையால், சொல் வயலிலேயே தங்கிவிட்டது. இந்த ஊகம் சரியானால், தஞ்சாவூர் வீட்டுக் கொல்லை என்பது கட்டடம் போக மீந்த வெற்றிடம் அல்ல, வீடு தன்னோடு சேர்த்துக்கொண்ட விளைநிலம் என்றே கொள்ள வேண்டும்.

இதே இடத்துக்கு வழங்கும் இன்னொரு பெயர் புழக்கடை. பலரும் இதனைப் ‘புழக்கம்’ என்பதோடு சம்பந்தப்படுத்துவார்கள். அது பொருத்தமாகத் தோன்றினும் உண்மையன்று. மூலம் புழைக்கடை. புழை என்பது துளை, சிறு வாயில். யானையின் துதிக்கையைப் புழைக்கை என்று புலவர்கள் கூறியதும் அது உள்ளே துளையுடைய கை என்பதால்தான். கடை என்பது வாயில். ஆகவே புழைக்கடை முதலில் ஓர் இடத்தை அன்று, ஒரு கதவையே குறித்தது. நாங்கள் பார்த்த வீட்டில் அந்தக் கதவு அப்படியே இருந்தது: ஒற்றைப் பலகைக் கதவு, ஓராள் மட்டும் நுழையும் அகலம், குனியாமல் கடக்க முடியாத தாழ்ந்த நிலை, நாதாங்கி விழும் இடத்தில் பல வருஷத்து உரசலால் மரம் குழிந்து பளபளத்தது. கதவின் பெயர் மெல்ல விரிந்து அதற்கு அப்பாலுள்ள நிலத்துக்கும் ஆகிவிட்டது; கொங்கு நாட்டில் அது பொடக்காலி என்று வழங்குகிறது. யாழ்ப்பாணத்தார் வீட்டைச் சூழ்ந்த நிலம் முழுவதையும் வளவு என்பர். செட்டிநாட்டிலோ வளவு என்பது வீட்டின் உள்முற்றம். அது தனியே எழுத வேண்டிய விஷயம்.

வீட்டின் முன்புறத்துக்கு இலக்கணத்தில் உயர்ந்த ஸ்தானம் கிடைத்திருக்கிறது. ‘இல்முன்’ என்பது ‘முன்றில்’ என மாறி நிற்பதற்குத் தொல்காப்பியரே புணர்ச்சி விதி வகுத்தார். பின்புறத்துக்கு அத்தகைய சிறப்பு வாய்க்காவிட்டாலும், இலக்கியத்தில் அழகான ஒரு பெயர் இருந்தது: படப்பை. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், தோட்டக்குடிகளின் தனிவீடுகள் மஞ்சள் வளர்ந்த முன்றிலோடும் நறுமணம் கமழும் படப்பையோடும் காட்சியளிக்கின்றன. வழிப்போக்கனுக்கு அங்கே பலாவும் இளநீரும் வாழைப்பழமும் நுங்கும் கிடைக்கின்றன. அச்சொல் இன்று பேச்சில் தேய்ந்துவிட்டது. தென்பாண்டிச் சீமையில் வைக்கோற்போரைப் படப்பு என்பதில் அதன் சாயல் தெரிகிறது. அதே தொண்டை நாட்டில், நாங்கள் வீடு பார்க்கப் போன சாலை சென்று சேரும் ஊரின் பெயரும் படப்பை என்பதை எண்ணியபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சமன்று.

சொல்லை விட்டுப் பொருளுக்கு வருவோம். “வெச்சிருக்கேன், வந்து பாருங்க” என்று அம்மாள் முன்னே நடக்க, நாங்கள் குனிந்து வெளியே வந்தோம். கிணறு, அதன் பக்கத்தில் துவைக்கல், துவைக்கல்லிலிருந்து விரல் ஆழத்தில் கீறிய ஒரு மண் வாய்க்கால், அது போய் முடியும் இடத்தில் ஐந்தாறு வாழை. சோப்பு நுரை கலந்த நீர் அந்தக் கீறலில் ஊர்ந்து வாழையடியில் மறைவதைச் சிறிது நேரம் நின்று பார்த்தோம். கறிவேப்பிலை மரத்தைச் சுற்றிக் கன்றுகள் கிளம்பியிருந்தன. மதிலோரம் பிரண்டையும் தூதுவளையும். கீரைப் பாத்தியில் விறகடுப்புச் சாம்பல் மெல்லத் தூவியிருந்தது. முருங்கை மட்டும் கோடியில் ஒதுங்கி நின்றது. மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி அப்புவதாலும், கிளை முறிந்து விழுவதாலும் அதை வீட்டையொட்டி வைப்பதில்லை. தென்னை இரண்டே இரண்டு; ஒன்றுக்கொன்று 25 அடி இடைவெளி வேண்டும் என்னும் விதி அங்கே தவறவில்லை. மேற்கே நின்ற மாமரத்தின் நிழல் பிற்பகல் வெயிலைத் தடுத்ததால், சமையலறைச் சுவரைத் தொட்டபோது குளிர்ச்சியாக இருந்தது.

கண்ணுக்குத் தெரியும் இந்தப் பலன்களைவிடத் தெரியாத பலன் ஒன்று பெரிது. சென்னைப் பிரதேசத்தில் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 1400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அந்தக் கொல்லையின் 1200 சதுர அடியில் மட்டும் விழும் நீரைக் கணக்கிட்டால் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் லிட்டர். எல்லாமே மண்ணுக்குள் இறங்கிவிடுவதில்லை. ஆயினும் சிமெண்டு தளம் போட்ட மனையில் அவ்வளவும் தெருவுக்குத்தான் ஓடும். 2003-ல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது குழாய்களும் ஜல்லி நிரப்பிய குழிகளும் செய்ய முயன்ற காரியத்தை, கொல்லை மண் எவருடைய உத்தரவுமின்றிச் செய்துகொண்டிருந்தது. “இந்தக் கெணறு கோடையிலே கூட அடி வத்தினதில்ல, தம்பி” என்று அம்மாள் சொன்னதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கொல்லையைப் புகழ்கிறவன் அதன் பழைய களங்கத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். தெருவாசலில் ஏற விடாமல் மனிதர்களைக் கொல்லை வழியாக வரச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. கூலியை அங்கே நின்றே வாங்கிக்கொண்டு போகச் செய்தார்கள். மாதவிலக்கான பெண்களை அங்கே ஒதுக்கி உட்கார வைத்தார்கள். எடுப்புக் கக்கூஸைச் சுத்தம் செய்ய வந்தவர்கள் நடப்பதற்கென்றே பின்பக்கம் சந்துகள் விட்டார்கள். அந்தக் கொடுமையைத் தடுக்கச் சட்டம் 1993-ல் வந்தது. மறுபடியும் 2013-ல் இன்னும் கடுமையான சட்டம் தேவைப்பட்டது. நிலத்தின் மேல் குற்றமில்லை, அதற்குள் நுழைய வழி வகுத்தவர்கள் மேல்தான் குற்றம் என்று நான் உறுதியாக எண்ணுகிறேன். ஆனாலும் அந்தத் தாழ்ந்த கதவைக் காணும்போது இந்த நினைவும் கூடவே வருகிறது, வரத்தான் வேண்டும்.

பத்திரிகைகளில் இப்போது ‘கொல்லைப்புற நியமனம்’, ‘கொல்லைப்புற வழியாகப் பதவி’ என்றெல்லாம் எழுதுகிறார்கள். இது இங்கிலீஷ் வழக்கைத் தழுவிய பிரயோகம். பின்வாசல் என்றால் திருட்டு வழி என்னும் கருத்தை அது நம் சொல்லின் மேல் ஏற்றுகிறது. கல்யாண வீட்டில் கோட்டை அடுப்பு மூட்டிக் கீற்றுப் பந்தலின் கீழ் ஊருக்கே சமைக்கும் இடம் கொல்லை. பிரசவித்த பசு கன்றை நக்கும் இடம் கொல்லை. சாயங்காலத்தில் இரண்டு வீட்டுப் பெண்கள் வேலிக்கு இருபுறமும் நின்று மனம்விட்டுப் பேசும் இடமும் அதுவே. இவ்வளவும் வெளிச்சத்தில் நடந்த ஓர் இடத்தின் பெயரை ஒளிவுமறைவுக்கு அடைமொழியாக்குவது எனக்குச் சம்மதமில்லை.

வீட்டை முடித்துவிட்டார்கள். கிரயம் பேசிய அன்று அந்த அம்மாள் விலையில் ஒரு வார்த்தையும் கூட்டிக் குறைத்துப் பேசவில்லை. துவைக்கல்லிலிருந்து வாழைக்குப் போகிற வாய்க்காலை மட்டும் அடைத்துவிட வேண்டாம் என்று என் தங்கையிடம் கேட்டுக்கொண்டார். ஐப்பசி மழையில் அது தூர்ந்துபோக, மாப்பிள்ளை ஊரிலிருந்து களைக்கொத்து ஒன்று கொண்டுவந்து மறுபடியும் கீறிவிட்டார். ஊரில் யாராவது கேட்டால், சென்னையிலும் தமக்கு ஒரு கொல்லை இருக்கிறது என்றுதான் சொல்லுகிறார். எவ்வளவு ஏக்கர் என்று அவர்கள் விசாரிக்கிறார்களாம்.