உருவப்படம் என்னும் சொல்

புக்கிட் பெருந்துங்கிலே, தோட்டத்தை விட்டு வந்து குடியேறிய நம்மவர் இல்லங்களில் புகுவோர் முதற்கண் காண்பது, கூடத்துச் சுவரில் தொங்கும் முன்னோர் உருவப்படத்தையே. "இவர் யார்?" என வினவினால், "தாத்தாவின் தகப்பனார்" என்னும் விடை வரும். "பெயர் யாது?" என மேலும் வினவினால், வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பர். இக்குறையைக் கருதியே உருவப்படம் என்னும் சொல்லின் வரலாற்றை ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

ஆங்கிலேயர் உருவப்படத்தைப் 'போர்ட்ரெய்ட்' என்பர். 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மொழியினின்று அவர்பால் வந்த சொல் அது. அதன் மூலம் 'புரோத்ராஹெரெ' என்னும் இலத்தீன் வினை. 'வெளியே இழுத்தல்' என்பது பொருள். மறைந்திருப்பதை வெளிக்கொணர்ந்து காட்டுவதே உருவப்படம் என்பது இதனால் பெறப்படும்.

நம் மொழியிலோ 'படம்' என்பது பண்டு சீலையைக் குறித்தது. சீலையிலே சித்திரம் தீட்டினராதலின், சித்திரத்துக்கே அது பெயராயிற்று. இதனினும் கருதத்தக்கது 'எழுதுதல்' என்னும் சொல். ஏட்டில் எழுத்துப் பொறிப்பதும் எழுதுதலே. சுவரில் உருவம் தீட்டுவதும் பழந்தமிழில் எழுதுதலே. உருவும் பெயரும் ஒரே வினைக்குள் அடங்கின.

அவ்விரண்டும் சேர்ந்து நிற்குமிடம் நடுகல். அதனை நாட்டும் முறையைத் தொல்காப்பியம் படிப்படியாகக் கூறுகின்றது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் நட்ட கல்லொன்று உண்டு. அதிலே மாண்ட வீரனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கள்வரைக் கடித்த அந்நாயின் பெயர் 'கோவிவன்' என்பதும் பொறிக்கப்பட்டுள்ளது. நாயின் பெயரையும் 1,300 ஆண்டுகளுக்கு மேலாகக் காத்தவர் நம் முன்னோர்!

நிற்க. 1948இல் மலாயாவில் அவசரகாலம் பிறந்தபொழுது, 12 வயது முதல் யாவரும் படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அடையாளக் கார்டு பெற வேண்டுமென அரசாங்கம் விதித்தது. படப்பிடிப்புக் கடையின் வாயிலை மிதித்தறியாத தோட்டத் தொழிலாளியும் அன்று காமிராவின் முன் நின்றான். அன்பினால் எடுத்த படமன்று அது. ஆளைக் கண்காணிக்க எடுத்தது. எனினும் அதிலே முகத்தோடு பெயரும் இருந்தது. அரசாங்கம் தன் தேவைக்குச் செய்ததை, நாம் நம் பெற்றோர்க்குச் செய்யாதிருப்பது முறையோ?

பாட்டிமார் நிலையோ இதனினும் இரங்கத்தக்கது. ஆயுள் முழுதும் பால்மரம் வெட்டிய மாதரசி, படத்திலும் 'இன்னாரின் மனைவி' என்றே நிற்கின்றாள். ஆண்டுக்கொருமுறை மாலையிட்டுக் கற்பூரம் கொளுத்துவதனால் இக்குறை தீருமா?

ஆதலின் அன்பர்களே, முதியோர் நம்மிடையே இருக்கும்போதே அப்படங்களைச் சுவரினின்று இறக்குங்கள். அவர்களைக் கேட்டு, பெயர், பிறந்த ஊர், உழைத்த தோட்டம் ஆகியவற்றைப் படத்தின் பின்புறத்தே எழுதுங்கள். லயங்கள் இடிந்தன, தோட்டங்கள் நகராயின, எஞ்சியிருப்பது முகமே. அதனருகே பெயரையும் எழுதினாலன்றி உருவப்படம் முற்றுப்பெறாது.