யார் சொன்னது, எந்நாள்வரை? மின்னணுக் கடல் வரைபடத்தின் மேலடுக்குத் தரங்களும் மன்னார் வளைகுடாவும்

கப்பலைச் செலுத்தும் அறையில் இன்று காகித வரைபடம் விரிக்கப்படுவது அரிது. எக்டிஸ் என்ற மின்னணு வரைபடத் திரைதான் மாலுமியின் கண். பன்னாட்டுப் பயணம் போகும் பெரிய கப்பல்கள் அதை வைத்திருக்க வேண்டும் என்ற விதி 2012இல் தொடங்கி 2018க்குள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. அந்தத் திரையின் அடியில் இருப்பது கரை, ஆழம், பாறை, கலங்கரை விளக்கம் ஆகியவற்றைக் காட்டும் அடிப்படை வரைபடம். அதன்மேல் ஏற்றப்படுபவை மேலடுக்குகள்: நீரோட்டம், நீர்மட்டம், வானிலை, பாதுகாக்கப்பட்ட கடற்பகுதி, தற்காலிக எச்சரிக்கை. இவற்றுக்கான தரங்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் எந்த நிறம், எந்தக் குறி, எவ்வளவு தடித்த கோடு என்பதிலேயே சுற்றுகிறது. அவை வேண்டாதவை அல்ல. ஆனால் ஒரு மேலடுக்கை நம்பலாமா என்பதை முடிவு செய்பவை வேறு இரண்டு: தகவலை வெளியிட்டவர் யார், அது எந்நாள்வரை செல்லும். தமிழகக் கடலில், குறிப்பாக மன்னார் வளைகுடாவில், இந்த இரண்டுமே இன்னும் ஒழுங்குபடவில்லை என்பது என் வாதம்.

மொனாக்கோவில் தலைமையகம் கொண்ட பன்னாட்டு நீர்வரைவியல் அமைப்பின் எஸ்-57 தரம், 3.1 பதிப்பாக 2000இல் வெளிவந்து, பிறகு மாற்றமின்றி நிறுத்தப்பட்டது. அந்த அமைப்பில் அடிப்படை வரைபடத்துக்குத்தான் முதல் மரியாதை. கூடுதல் தகவலை ஏற்ற நினைத்தவர்களுக்குச் சொல்லப்பட்ட நிபந்தனைகள் எளியவை: வரைபடத்தில் ஏற்கெனவே இருப்பதைத் திரும்பச் சொல்லாதே, வரைபடத்தை மறைக்காதே. 2010இல் வந்த எஸ்-100 இந்த உறவை மாற்றியது. ஒவ்வொரு தகவல் வகையும் தனித்தனித் தரமாயிற்று. வரைபடம் எஸ்-101, நுண்ணிய ஆழப்பரப்பு எஸ்-102, நீர்மட்டம் எஸ்-104, மேற்பரப்பு நீரோட்டம் எஸ்-111, பாதுகாக்கப்பட்ட பகுதி எஸ்-122, கடற்பயண எச்சரிக்கை எஸ்-124. இவை திரையில் எப்படிக் கூடிவாழ வேண்டும் என்பதை எஸ்-98 சொல்கிறது. அதன் சுழிய நிலையில் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன, அவ்வளவே. மேல்நிலைகளிலோ ஓர் அடுக்கின் பொருள் இன்னோர் அடுக்கின் பொருளை நீக்கிவிட்டுத் தானே அந்த இடத்தில் நிற்கலாம். மறைக்காதே என்ற பழைய கட்டளை, இன்னாருக்கு இன்னார் வழிவிடலாம் என்ற புதிய ஒப்பந்தமாகிவிட்டது. வழிவிடச் சொல்பவரின் தகுதி அப்போதுதான் முதற்கேள்வி ஆகிறது.

கடல் வாடையே படாத திருவண்ணாமலையில் இதற்கு ஓர் உவமை கிடைக்கிறது. கிரிவல வரைபடத்தில் மலையும், 14 கிலோமீட்டர் பாதையும், எட்டு லிங்கங்களும், அடி அண்ணாமலைக் கோயிலும் நிலையானவை. 2024 டிசம்பர் 1 மண்சரிவில் ஏழு பேர் இறந்தபின், அந்த ஆண்டு கார்த்திகைத் தீபத்துக்குப் பக்தர்கள் மலையேற அனுமதி இல்லை. மலை இருந்த இடத்தில்தான் இருந்தது. அதன்மேல் ஒரு தடை வந்தது. தடைக்கு ஓர் அதிகாரி உண்டு, ஒரு காலமும் உண்டு. அடுத்த தீபத்துக்கு ஏறலாமா கூடாதா என்பதை மறுபடி ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். பழைய சுவரொட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது.

மன்னார் வளைகுடாவில் இந்தப் பிரிவினை இவ்வளவு எளிதாக அமையாது. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகளைக் கொண்ட கடல் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது. அதைச் சூழ்ந்த உயிர்க்கோளக் காப்பகம் 1989இல் வந்தது. பூங்காவின் பரப்பு 560 சதுர கிலோமீட்டர். இதன் எல்லை தீவுகளைச் சுற்றிய ஆழமற்ற நீரைத் தழுவிச் செல்கிறது: கரைப்பக்கம் மூன்றரைப் பாகம், கடற்பக்கம் ஐந்து பாகம் ஆழம்வரை. மீட்டரில் சொன்னால் ஏறத்தாழ 6.4, 9.1. எல்லை மேலடுக்கைச் சேர்ந்தது. அதை வரையறுக்கும் ஆழமோ அடிப்படை வரைபடத்தைச் சேர்ந்தது. அடிப்படை மாறினால் மேலடுக்கும் நகர வேண்டும். இங்கே நீர் ஏறி இறங்கும் அளவு ஒரு மீட்டருக்குள்தான் என்றாலும், சாய்வு குறைந்த தரையில் அந்தச் சிறு மாற்றம் எல்லைக்கோட்டைப் பக்கவாட்டில் வெகுதூரம் தள்ளிவிடும். வரைபடத்தின் ஆழம் மிகத் தாழ்ந்த நீர்மட்டத்தை ஒட்டிக் கணக்கிடப்படுவது. வல்லத்தில் நின்று ஈயக்கட்டி விட்டுப் பார்ப்பவருக்கோ அந்த நேரத்து ஆழம்தான் தெரியும். ஆகவே எஸ்-122 கோப்பில் ஒரு பலகோணத்தை வரைந்துவிட்டால் போதாது. எந்த அளவைக் கொண்டு, எந்த நீர்மட்டத்தை ஆதாரமாக வைத்து அந்தக் கோடு பெறப்பட்டது என்பதும் கூடவே போக வேண்டும்.

தீவுகளே நிலையானவை அல்ல என்பது இன்னொரு சிக்கல். பூவரசன்பட்டித் தீவும் விலாங்குசல்லியும் நீருக்குள் போய்விட்டன, காரியாச்சல்லி கரைந்துகொண்டிருக்கிறது. சட்ட அறிவிப்பில் தீவுகள் 21தான். மூழ்கிய தீவு மாலுமிக்கு நீருக்கடியில் ஓர் ஆபத்து, ஆகவே அடிப்படை வரைபடத்தின் வேலை. வனத்துறைக்கு அது இன்னும் பூங்கா, ஆகவே மேலடுக்கின் வேலை. இரண்டும் வெவ்வேறு நாளில், வெவ்வேறு கையால் திருத்தப்பட்டால் திரையில் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு உண்மைகள் தோன்றும்.

காலத்தின் கதை இன்னும் சுவையானது. கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். 2017க்கு முன் அது 45 நாள். ஆண்டுதோறும் திரும்பும் தேதிகளைக் குறிக்கத் தரத்தில் இடம் இருக்கிறது. பழைய எஸ்-57இலேயே இருந்தது. ஆனால் தடைக்காலம் நீண்ட 2017இல் ஒருவர் கோப்பைத் திருத்த மறந்திருந்தால், எல்லாத் தரச் சோதனையிலும் தேறிய ஒரு பொய் திரையில் இருந்திருக்கும். பாக் விரிகுடாவில் 1993 முதல் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கும் நான்கு நாள் நாட்டுப்படகுக்கும் என்ற ஏற்பாடு உண்டு. கிழமை வாரியான நேரத்தையும் எஸ்-100 குடும்பத்தில் எழுதலாம். மூன்று–நான்கு நாள் ஏற்பாடு கடைப்பிடிக்கப்படுகிறதா என்பது வேறு கதை; அதற்கு எந்தத் தரமும் உதவாது.

இனி யார் என்ற கேள்வி. அடிப்படை வரைபடம் டேராடூனில் உள்ள கடற்படையின் நீர்வரைவியல் அலுவலகத்தின் பொறுப்பு. நாவேரியா எட்டு எனப்படும் இந்தியப் பெருங்கடல் பகுதிக்கான எச்சரிக்கைகளை ஒருங்கிணைப்பதும் இந்தியாவே. கடல்நிலை, மீன்வளப் பகுதி முன்னறிவிப்புகள் ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற பெருங்கடல் தகவல் மையத்திலிருந்து வருகின்றன. புயல் எச்சரிக்கை வானிலைத் துறை. பூங்காவும், 2022இல் பாக் விரிகுடாவில் அறிவிக்கப்பட்ட 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுக் காப்பகமும் வனத்துறை. தடைக்காலம் மீன்வளத் துறை. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தின் 72.5 மீட்டர் நீளத் தூக்குப்பகுதி எப்போது உயரும் என்பது ரயில்வேயும் துறைமுக அலுவலகமும் சேர்ந்து சொல்ல வேண்டியது. உயர்ந்தபின் கிடைக்கும் இடைவெளி அடிப்படை வரைபடம், உயரும் நேரம் மேலடுக்கு. ஒவ்வொரு துறையும் தன் தகவலைத் தன் அரசாணையிலும் தன் இணையதளத்திலும் வைத்திருக்கிறது. வெளியிட்டவர், எண், தொடக்கம், முடிவு, ரத்து என்ற ஐந்தையும் ஒருங்கே கொடுக்கும் பழக்கம் எச்சரிக்கை வெளியிடுபவரிடம் மட்டுமே ஊறியிருக்கிறது. மற்றவர்கள் கற்க வேண்டியது அவர்களிடம்தான்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. எக்டிஸ் பெரிய கப்பலுக்கு. நம் கடலில் உயிரை இழப்பவர் சிறு படகுக்காரர். அவருக்கு எஸ்-124 எதற்கு? 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது குமரி மாவட்ட ஆழ்கடல் மீனவர்கள் பலர் ஏற்கெனவே தொலைவில் இருந்தார்கள். எச்சரிக்கை இருந்தது, அது போய்ச் சேர வழி இல்லை. அதன்பின் 2019இல் இன்காய்ஸ் ஜெமினி என்ற கருவியைக் கொண்டுவந்தது. ககன் என்ற செயற்கைக்கோள் அமைப்பின் வழியாகச் செய்தியைக் கைப்பேசிக்கு எட்டவைப்பது அது. மறுப்பில் உண்மை இருக்கிறது, ஆனால் முடிவு தவறு. கப்பலுக்கு ஒரு கோப்பும் படகுக்கு வேறொரு கோப்பும் தயாரித்தால் இரண்டும் ஒருநாள் முரண்படும். ஒரே தரத்தில் ஒரே மூலத்தை வைத்து, திரைக்கு ஏற்ப வெளியீட்டை மட்டும் மாற்ற வேண்டும். கைப்பேசிக்குத் தமிழில், ஒலியாகவும்கூட.

மேலடுக்கு மேல் மேலடுக்காக ஏற்றினால் திரை குப்பையாகும் என்ற குறை பழையது. விருப்பப்படி அணைத்துக்கொள்ளும் வசதியால் ஓரளவு தீரும். அதைவிட அச்சமூட்டுவது, மேலடுக்கின் பளபளப்பில் அடிப்படையின் பிழை மறைவது. 2013 சனவரி 17 அன்று அமெரிக்கக் கடற்படையின் கார்டியன் கப்பல் பிலிப்பைன்சின் துப்பதாகாப் பவளப் பூங்காவில் ஏறி உடைந்தது. மின்னணு வரைபடத்தில் அந்தப் பவளத்திட்டு ஏறத்தாழ எட்டுக் கடல்மைல் தள்ளிக் குறிக்கப்பட்டிருந்தது. பூங்கா எல்லையை மிக அழகான மேலடுக்காக அந்தப் பிழையான திட்டைச் சுற்றி வரைந்திருந்தால், கப்பல் இன்னும் நம்பிக்கையோடு போய் மோதியிருக்கும்.

ஆகவே வரிசை முக்கியம். தீவுகளைச் சுற்றிய ஆழமற்ற பகுதியை முதலில் புதிதாக அளக்க வேண்டும். அந்த அளவைக் கொண்டு வனத்துறை பூங்கா எல்லையை, ஆதார நீர்மட்டத்தோடும் மறுபரிசீலனைத் தேதியோடும், வெளியிட வேண்டும். குறியும் நிறமும் அதற்குப் பிறகு. எஸ்-100 வகை எக்டிஸ் கருவிகளைக் கப்பல்களில் பொருத்த 2026 சனவரி 1 முதல் அனுமதி உண்டு. 2029 சனவரி 1 முதல் புதிதாகப் பொருத்தப்படும் எந்த எக்டிசும் அந்த வகையாகவே இருக்க வேண்டும். அந்த நாளுக்குள் வனத்துறையும் மீன்வளத் துறையும் டேராடூனோடு உட்கார்ந்து இந்த ஒரு கோப்பையாவது செய்து முடிக்கட்டும்.